கேட்டுல கேமரா, வீட்டுக்குள்ள ரெக்கார்டர்: நடுவுல 60 மீட்டர் வெளிக் கேபிள் எப்படி இழுக்கறது?

கேள்வி, 2024 மே 18

கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் எங்க வீடு. ரோட்டுல இருந்து நல்லா உள்ள தள்ளி இருக்கு, கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல 60 மீட்டர் வரும், ரெண்டு பக்கமும் தென்னை. நான் பெங்களூர்ல வேலை பாக்கேன், அங்க அப்பாவும் அம்மாவும் மட்டும் தான். கேட்டுல போட்ட வைஃபை கேமரா மழை பெஞ்சா நின்னுடுது, மழை இல்லாத நாள்லயும் பாதி நேரம் ஆஃப்லைன். கேபிள் இழுத்துடலாம்னு கடைல கேட்டா, சாதா நெட்வொர்க் கேபிளையே வெளிய போடலாம் ஒண்ணும் ஆகாது, 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள்ள வச்சு அதே கேபிள்ல கரண்ட்டையும் அனுப்பிடலாம்ங்கறாங்க. இது சரியா வருமா அண்ணாச்சி?

மே 18, ராத்திரி

கேபிள் இழுக்கற முடிவு ரொம்ப சரி தம்பி, அதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். ஆனா கடைல சொன்ன ரெண்டும் வேண்டாம்.

வீட்டுக்குள்ள போடற சாம்பல் கலர் கேபிளோட உறை பிவிசி. நம்ம ஊர் வெயில்ல கொஞ்ச காலத்துலயே வெளுத்து வெடிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் விரல்ல மடக்கினா முறுக்கு மாதிரி நொறுங்கும். வெளிய போடறதுக்குன்னே கருப்பு உறை போட்டது வருது, அது பாலிஎத்திலீன். அந்தக் கருப்பு அழகுக்குப் போட்டது இல்ல, அதுல கலந்திருக்கற கார்பன் கரி தான் புற ஊதாக் கதிரைத் தாங்குது. கடைல "அவுட்டோர், பிஇ ஜாக்கெட்"னு வாய் தொறந்து கேளுங்க, உறை மேல அச்சடிச்சிருக்கறதை வாசிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கேபிளோட தரத்தை கேட் 5ஈ, கேட் 6னு (Cat 5e, Cat 6) சொல்லுவாங்க, அதுல கேட் 6 தான் வேணும்னு இல்ல, கேட் 5ஈ தாராளம். 2 மெகாபிக்சல் கேமரா எச்.265ங்கற வீடியோ சுருக்கற முறைல அனுப்பினா 2ல இருந்து 4 எம்பிபிஎஸ் தான் ஓடும், கேமரால இருக்கற போர்ட்டே பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் தான். 100 மீட்டர் வரைக்கும் ஸ்டாண்டர்டே அனுமதிக்குது, உங்களுக்கு 60 தான்.

12 வோல்ட் விஷயம் நாளைக்கு எழுதறேன், அதுல கொஞ்சம் கணக்கு இருக்கு.

மே 19

கணக்கு இதான். 24 கேஜ் சுத்த செம்புக் கம்பிக்கு 100 மீட்டருக்கு எட்டரை ஓம் வாக்குல தடை, அப்ப 60 மீட்டருக்கு ஒரு கம்பில அஞ்சு ஓம். கேபிளுக்குள்ள எட்டு கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கின நாலு ஜோடி. ஒரே கேபிள்ல கரண்ட்டையும் அனுப்ப சந்தைல கிடைக்கற ஸ்பிளிட்டர் வயர் 4, 5 ரெண்டையும் பிளஸ்ஸாவும் 7, 8 ரெண்டையும் மைனஸ்ஸாவும் சேக்கும், ரெண்டு கம்பி சேந்தா தடை பாதி, அதனால போக வர மொத்தமும் சேந்து அஞ்சு ஓம்னு வச்சுக்கலாம். கேமரா ராத்திரி இருட்டுல பாக்கறதுக்கான ஐஆர் (அகச்சிவப்பு) லைட் எரியறப்ப 6 வாட் இழுக்குதுன்னு வைங்க. 12 வோல்ட்ல அது அரை ஆம்பியர், வழியிலயே ரெண்டரை வோல்ட் போச்சு. அதோட நிக்காது, வோல்ட் குறைஞ்சா கேமரா உள்ள இருக்கற சர்க்யூட் அதே 6 வாட்டுக்காக இன்னும் கூடுதல் கரண்ட்டை இழுக்கும், கரண்ட் கூடினா வோல்ட் மறுபடி இறங்கும், கடைசில கேமராகிட்ட எட்டரை வோல்ட்டு தான் நிக்கும். பகல் பூரா ஒழுங்கா ஓடிட்டு, பொழுது சாஞ்சு ஐஆர் எரியற நேரம் பாத்து ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கற கேமராவை நிறைய பேர் பாத்திருப்பீங்க, கேமரா போச்சுன்னு மாத்தியும் இருப்பீங்க. நான் போய்ப் பாத்த வீடுகள்ல முக்கால்வாசி இந்த வோல்ட் இறக்கம் தான் காரணம்.

அதே 6 வாட்டை பிஓஇ (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டையும் அனுப்பற ஸ்டாண்டர்ட் முறை) ஸ்விட்ச்ல இருந்து 48 வோல்ட்ல அனுப்பினா ஓடறது 0.125 ஆம்பியர் தான், வழில போறது முக்கால் வோல்ட் கூட வராது. அதனால பிஓஇ கேமரா, பிஓஇ ஸ்விட்ச், இல்லைன்னா பிஓஇ போர்ட் உள்ள என்விஆர், அதாவது கேமரா ரெக்கார்டர். வேற வழி தேடாதீங்க. ஸ்விட்ச் வாங்கறப்ப 802.3ஏஎஃப்னு போட்டிருக்கணும், 2003ல வந்த ஸ்டாண்டர்ட் அது, ஸ்விட்ச் பக்கம் 15.4 வாட், அந்தப் பக்கம் 12.95 வாட் உறுதியா கிடைக்கும். சாதா புல்லட் கேமராவுக்கு அது போதும். சுத்தி சுத்திப் பாக்கற பெரிய பிடிஇசட் கேமரான்னா தான் 802.3ஏடி, 30 வாட்.

மே 19, கொஞ்ச நேரம் கழிச்சு

வீட்ல 24 வோல்ட் இன்ஜெக்டர் (கேபிள்ல கரண்ட் ஏத்தற சின்ன பெட்டி) ஒண்ணு சும்மா கெடக்கு, அதைப் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. போடாதீங்க. ஸ்டாண்டர்ட் பிஓஇ முதல்ல 10 வோல்ட்டுக்கும் கீழ அனுப்பி, அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் அடையாளம் தெரியுதான்னு பாத்துட்டுத் தான் 48ஐத் தொறந்து விடும். இன்ஜெக்டர் பிராட்பேண்ட் ஆண்டெனாவோட வந்ததுன்னா அது யாரையும் கேக்காம எந்நேரமும் வோல்ட்டை தள்ளிக்கிட்டே இருக்கற வகையா தான் இருக்கும். தெரியாம அதை லேப்டாப்ல சொருகினா போர்ட் போயிடலாம்.

மே 21

இன்னைக்கு எழுதறது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அவுட்டோர்னு எழுதிருந்தா மட்டும் போதாது, உள்ள இருக்கற கம்பி சுத்த செம்பா இருக்கணும். விலை கம்மின்னு குடுக்கற பெட்டில பாதிக்கு மேல அலுமினியக் கம்பி மேல செம்பு முலாம், சிசிஏன்னு சொல்லுவாங்க. அதுக்கு தடை செம்பை விட ஒண்ணரை மடங்குக்கும் மேல. ரெண்டு மூணு தடவை மடக்கினா ஒடிஞ்சிடும். கனெக்டர்ல உள்ள கத்தி அழுத்தற இடத்துல முலாம் கிழிஞ்சு, ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சிடும். கேபிள் ஸ்டாண்டர்ட்ல இதுக்கு இடமே இல்ல, ஆனா கேட் 6னு அச்சடிச்சு தைரியமா விக்கறாங்க.

கண்டுபிடிக்க ஒரு கம்பியை எடுத்து பிளேடால மேல லேசா சுரண்டிப் பாருங்க. உள்ளயும் செம்பு நிறமே வந்தா சரி, வெள்ளை தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. 60 மீட்டர் வெட்டி வாங்கிட்டு வந்ததுல ஏதாவது ஒரு ஜோடியோட அந்த நுனியை ஒண்ணா முறுக்கிட்டு இந்த நுனில வச்சுப் பாருங்க, 10 ஓம், மிஞ்சிப் போனா 11 காட்டணும். 16 காட்டினா அலுமினியம் தான், பேச்சே வேண்டாம். பெட்டி 305 மீட்டர் வரும், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது, மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற கடை நாகர்கோவில்லயே கிடைக்கும். 60ன்னா 75 வாங்குங்க, ரெண்டு பக்கமும் மிச்சம் விடணும், ஏன்னு பின்னால வரும்.

மே 22

எந்த வழியா கொண்டு போறதுன்னு தம்பி கேட்டிருக்காங்க. காம்பவுண்ட் சுவர் இருக்கு, இல்லைன்னா தென்னைக்குத் தென்னை கட்டி மேல கொண்டு போகலாமான்னு.

மரத்துக்கு மரம் வேண்டவே வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கி அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல மரமும் போஸ்ட்டும் விழுந்த விதத்தை யாரும் மறந்திருக்க மாட்டாங்க, அவ்வளவு பெரிய புயலே வேண்டாம், சாதாரணமா ஒரு காஞ்ச மட்டை விழுந்தாலே கேபிள் போச்சு. மரம் ஆட ஆட கட்டுன இடத்துல உறை தேயும். அணில் வேற. எங்க மாமா தோப்புல அணில் கடிச்ச கேபிளை நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன், உறை மட்டும் இல்ல, ஜோடிக் கம்பியோட பிளாஸ்டிக்கையும் சீவி எடுத்து செம்பு மட்டும் மொட்டையா மின்னுச்சு.

காம்பவுண்ட் சுவர் வழியா போறது தான் சுலபம். சுவரோட உள்பக்கம், மேல இருந்து ஓரடி கீழ, 25 மில்லிமீட்டர் பிவிசி பைப்புக்குள்ள விட்டு கிளாம்ப் அடிச்சிடுங்க. கேட் லைட்டுக்குப் போற 230 வோல்ட் வயரையும் இதையும் ஒரே பைப்ல விடவே கூடாது, எலக்ட்ரீசியன் "இடம் கெடக்கே"ன்னு சேத்து விட்டுடுவாரு, கூட நின்னு பாருங்க. பக்கத்துல பக்கத்துல ஓட வேண்டி வந்தா ஓரடியாவது இடைவெளி விடுங்க, குறுக்கே கடக்கறதுன்னா நேர் செங்குத்தா கடக்கட்டும்.

மே 24

சுவர் பாதி தூரம் வரைக்கும் தான் இருக்கு, மீதி வேலின்னு இப்ப தான் சொல்றாங்க. அப்படின்னா என் யோசனை மாறுது, முழுசும் மண்ணுக்குள்ளயே கொண்டு போயிடுங்க. பாதி சுவர் பாதி மண்ணுன்னா நடுவுல ஒரு பெட்டி வரும், யாராவது அதுல ஜாயின்ட் போட்டு வப்பாங்க, அந்த ஜாயின்ட் தான் பின்னால தலைவலி. ஒரே துண்டா போகணும்.

ரெண்டடி ஆழம் வெட்டி கருப்பு எச்டிபிஇ ஹோஸை முழு நீளமா போடுங்க. தென்னை மூட்டுல இருந்து ஆறடிக்குள்ள போகாதீங்க, உரம் வைக்க மூட்டைச் சுத்தி அவ்வளவு தூரம் தான் தடம் எடுப்பாங்க, மம்பட்டி ஒரு வெட்டு விழுந்தா முடிஞ்சது. மண்ணு மூடறப்ப ஓரடி உயரத்துல ஒரு வரிசை பழைய ஓடு உடைசலைப் பரப்பி விடுங்க, பின்னால தோண்டறவனுக்கு கீழ ஏதோ இருக்குன்னு தெரியும். ஹோஸுக்குள்ள தண்ணி வராதுன்னு மட்டும் நினைக்காதீங்க. எவ்வளவு அடைச்சாலும் உள்ள வேர்த்து தண்ணி நிக்கும். அதனால மண்ணுக்குள்ள போறதுக்கு ஜெல் நிரப்பின கேபிள் கிடைச்சா அதையே வாங்குங்க. கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், கனெக்டர் அடிக்கறப்ப துடைச்சு துடைச்சு அலுத்துடும், ஆனா உறைல ஓட்டை விழுந்தாலும் தண்ணி உள்ளுக்குள்ளயே ஓடாது.

இழுக்கறப்ப கேபிளோட ஒரு நைலான் கயிறையும் சேத்து இழுத்து உள்ளயே விட்டுடுங்க, நாளைக்கு இன்னொண்ணு இழுக்கலாம். வரலைன்னு ரெண்டு பேர் சேந்து வெடுக்குனு இழுக்காதீங்க, 11 கிலோ இழுப்புக்கு மேல போனா உள்ள முறுக்கு கலைஞ்சிடும். சோப்புத் தண்ணி ஊத்துங்க, எண்ணெய் கிரீஸ் வேண்டாம்.

மே 26

இந்த இழைல எல்லாரும் கேபிள் பத்தியே கேக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் நல்ல கேபிள் நடுவுல கெட்டுப் போனது அபூர்வம், கெடறது ரெண்டு நுனியும் தான். காசும் பொறுமையும் அங்க தான் செலவாகணும்.

குளச்சல்ல எங்க சித்தப்பா வீட்டு மாடிக் கேமரா மழைக்குப் பிறகு வேலை செய்யலன்னு போய்ப் பாத்தேன். கேமரா வால் வயரும் கேபிளும் சேர்ற இடத்தை யாரோ இன்சுலேஷன் டேப் சுத்தி சுவர்ல தொங்க விட்டிருந்தாங்க. டேப்பை உரிச்சா பசை உருகி வழிஞ்சு கருப்பா கெடக்கு, கனெக்டரைக் கழட்டி கவுத்தா ரெண்டு சொட்டு தண்ணி விழுந்துச்சு. எட்டு பின்னுல நாலு பின்னு தங்க நிறத்துலயே இருக்கு, ரெண்டுல பச்சைப் பொடி பூத்திருக்கு, மிச்ச ரெண்டு இருந்த இடத்துல பின்னே இல்ல, கரைஞ்சு போய் குழி மட்டும் தான். இல்லாமப் போன ரெண்டும் பிளஸ் பக்கம். ஈரமும் கடல் உப்பும் சேந்த இடத்துல எந்நேரமும் டிசி வோல்ட் நின்னா பிளஸ் பக்கத்து உலோகம் தான் கரையும், பள்ளிக்கூட லேப்ல மின்னாற்பகுப்புன்னு பண்ணினோமே அதே வேலை சுவர்ல நடந்துட்டு இருந்திருக்கு.

அதனால கேமரா பெட்டில ஒரு சின்ன பையில ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் மூடியும் வரும், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல மூடியோட பின்பக்க நட்டு, அப்புறம் ரப்பர், அப்புறம் மூடி, இந்த வரிசைல கேபிள்ல கோத்துட்டுத் தான் ஆர்ஜே45 கனெக்டரை (கேபிள் நுனில வர்ற எட்டு பின் பிளக்) கிரிம்ப் பண்ணணும், அதாவது அழுத்திப் பூட்டணும். கனெக்டர் அடிச்ச பிறகு அது உள்ள நுழையாது, நுழையலன்னு தான் பாதி பேர் அதை விட்டுட்டு டேப் சுத்தறாங்க. சொருகறதுக்கு முன்னால பின் மேல டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, ஈரம் தடுக்கற கிரீஸ்) கொஞ்சம் தடவுங்க. பிறகு அந்த முடிச்சு மொத்தத்தையும் கேமராவுக்குப் பின்னால ஜங்ஷன் பாக்ஸ் வச்சு அதுக்குள்ள விடுங்க. பாக்ஸுக்குள்ள கேபிள் கீழப்பக்க ஓட்டை வழியா, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிச்சு தண்ணியை அடைக்கற திருகு மூடி) போட்டு ஏறட்டும். மேல்பக்கம் ஓட்டை போட்டு சிலிக்கான் அடிக்கறது நிக்காது.

கேபிள் பாக்ஸுக்கு ஏறறதுக்கு முன்னால கீழ தொங்கற மாதிரி ஒரு வளைவு விடுங்க. கேபிள் மேல வழியற தண்ணி அந்த வளைவோட அடில சொட்டிடும், பாக்ஸுக்குள்ள ஏறாது. மிச்சம் விடணும்னு சொன்னது இதுக்கும், பின்னால எப்பவாவது நுனியை வெட்டி புது கனெக்டர் அடிக்கறதுக்கும். வீட்டுப் பக்கமும் இதே கதை தான், சுவர்ல டிரில் போடறப்ப வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கற மாதிரி சரிவா போடுங்க.

ஜூன் 2

மழை இறங்கிடுச்சு, பள்ளம் வெட்டினதுல தண்ணி நிக்கறதா தம்பியோட அப்பா சொல்றாராம். ஹோஸைப் போட்டு மூடிடுங்க, கேபிளை அப்புறமா கூட இழுக்கலாம். கேபிள் நுனி மட்டும் எங்கயும் தொறந்து கெடக்கக் கூடாது, ஒரு பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் இறுக்கிடுங்க. வெட்டின நுனி வழியா உறைக்குள்ள தண்ணி ஏறினா பல மீட்டர் உள்ள போகும், அப்புறம் வெளியேத்த முடியாது.

ஜூன் 15

இடி பத்தி ஒரு அக்கா விவரமா கேட்டிருக்காங்க, அவங்க வீட்ல போன ஐப்பசில கேமரா, ஸ்விட்ச், டிவி மூணும் ஒரே நேரத்துல போயிருக்கு.

நேரா விழற இடிக்கு எந்தப் பெட்டியும் தாங்காது. ஆனா முக்கால்வாசி சேதம் பக்கத்துல எங்கயோ விழுந்த இடி நீளமான செம்புக் கம்பில தூண்டற வோல்ட்டால வர்றது. அதுக்கு ரெண்டு பக்கமும் பிஓஇ சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறற வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பற பெட்டி) போடலாம், ஆனா அதுல இருந்து வர்ற பச்சை வயரை ஒழுங்கான எர்த்ல குடுக்கணும். எர்த் குடுக்காம மாட்டி வச்ச புரொடெக்டரை நான் எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன், அது சும்மா ஒரு ஜாயின்ட் தான். வீட்டு எர்த் குழியே வறண்டு போய் கெடக்குதான்னு முதல்ல பாருங்க.

மனசுக்கு உறுதியா ஒரு வழி வேணும்னா நடுவுல ஃபைபர். கண்ணாடி இழைல கரண்ட் ஓடாது. ரெண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை நெட்வொர்க் கேபிள் சிக்னலா மாத்தற பெட்டி), கேட் பக்கம் அதுக்கும் கேமராவுக்கும் கரண்ட் வேணும், கேட்டுல ஏற்கனவே லைட் கனெக்ஷன் இருந்தா அது சிக்கல் இல்ல, இடி அந்த லைட் வயர் வழியா வர்றதை மட்டும் தனியா பாத்துக்கணும். டிராப் கேபிள், அதாவது வீட்டுக்கு இழுக்கற மெல்லிசான ஃபைபர் கேபிள், வாங்கறப்ப உள்ள ஸ்டீல் கம்பி இல்லாம எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) நார் வச்சதா பாத்து வாங்குங்க, ஸ்டீல் இருந்தா இதுக்காக மெனக்கெட்டதே வீண். 100 மீட்டர் தாண்டற தோப்பு வீடுகளுக்கு நான் இப்பல்லாம் இதைத் தான் முதல்ல சொல்றேன். ஸ்விட்ச்ல 250 மீட்டர் எக்ஸ்டெண்ட்னு ஒரு பட்டன் இருக்குமே, அது வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸா இறக்கித் தான் அந்த தூரம் போகுது. ஒத்தக் கேமராவுக்கு ஓடும், நான் நம்பி விட மாட்டேன்.

ஜூன் 16

மேல சொன்னதோட ஒண்ணு. இடி இடிக்கறப்ப ஓடிப் போய் கேபிளைக் கழட்டறேன்னு வயசான அப்பா அம்மாவை அனுப்பாதீங்க. கேமரா போனா வாங்கிக்கலாம்.

ஜூன் 30

கேட்டுல ஒரு நெட்வொர்க் கேபிள் தொங்குதுன்னா, அது உங்க வீட்டு நெட்வொர்க்கோட ஒரு வாசல். யாராவது கேமராவைக் கழட்டிட்டு லேப்டாப்பைச் சொருகினா நேரா ரவுட்டர் வரைக்கும் வரலாம். என்விஆர் பின்னால இருக்கற பிஓஇ போர்ட்ல சொருகினா பெரும்பாலான மாடல்ல கேமராக்கள் வீட்டு வைஃபையோட சேராம தனி நெட்வொர்க்ல நிக்கும், அதுக்காகவே தம்பிக்கு நான் தனி ஸ்விட்ச் வேண்டாம், என்விஆர் போர்ட்டே போதும்னு சொன்னேன். கேமராவோட வந்த பாஸ்வேர்டை மாத்துங்க, ரவுட்டர்ல யுபிஎன்பியை (வெளிய இருந்து உள்ள வர்ற வழியை உங்களைக் கேக்காமலே தொறந்து விடற வசதி) அணைச்சிடுங்க.

ஜூலை 7

தம்பி லீவுல வந்து இழுத்து முடிச்சிட்டாங்க. கேமரா வருது, ஆனா படம் நடுநடுவுல உறையுது, கேபிள் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுதுன்னு போட்டோ அனுப்பியிருக்காங்க. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரே வரிசை தான், ஆனா வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம்னு ஜோடி ஜோடியா அடுக்கியிருக்கு. எலக்ட்ரீசியன் அண்ணாச்சி அடிச்சது போல. கனெக்டர்ல 3ம் 6ம் நம்பர் கம்பி ஒரே முறுக்கு ஜோடியா இருந்தாகணும், இதுல 3 பச்சை ஜோடில, 6 நீல ஜோடில போயிருக்கு. சின்ன டெஸ்டர் நுனிக்கு நுனி தொடுதான்னு மட்டும் தான் பாக்கும், முறுக்கு கலைஞ்சதை அது காட்டாது. நாலஞ்சு மீட்டர்னா தெரியாமலே ஓடியிருக்கும், 60 மீட்டர்ல மாட்டிக்குச்சு.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு பக்கமும் இதே. கனெக்டர் வாய் வரைக்கும் முறுக்கைப் பிரிக்காம கொண்டு போங்க, உறையும் கனெக்டருக்குள்ள நுழைஞ்சு பூட்டு அதைக் கவ்வணும்.

ஜூலை 8

ரெண்டு நுனியும் வெட்டி அடிச்ச பிறகு சரியாயிடுச்சாம், ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாத்திருக்காங்க. அம்மா கேட்டைத் தொறக்கறது பெங்களூர்ல தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. ரொம்ப சந்தோஷம் தம்பி.

அக்டோபர் 20

ஐப்பசி மழைக்கு முன்னால ஒரு தடவை எல்லாரும் பாக்ஸைத் தொறந்து பாருங்க. எறும்பு கூடு வச்சிருக்கும், கிளாண்ட் இறுக்கம் தளர்ந்திருந்தா பல்லி முட்டை கூட இருக்கும். ஐஆர் வெளிச்சத்துக்கு பூச்சி வரும், பூச்சிக்கு எட்டுக்கால் பூச்சி வலை பின்னும், ராத்திரி படம் வெள்ளையா மங்கினா முதல்ல ஒரு துடைப்பம் எடுங்க.

டேப் சுத்தியே ஆகணும், பாக்ஸ் வைக்க இடமில்லன்னு கேட்டவருக்கு: சாதா டேப் மட்டும் வேண்டாம். தன்னோட தானே ஒட்டிக்கற ரப்பர் டேப் தனியா கிடைக்கும், அதை ரெண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதி மேல பாதி ஏறற மாதிரி கீழ இருந்து மேல சுத்துங்க, அப்ப தான் மடிப்பு கீழ பாத்து நிக்கும், தண்ணி உள்ள போகாது. வெயிலுக்கு அது மேல ஒரு சுத்து கருப்பு பிவிசி டேப், அதையும் கீழ இருந்து மேல தான். கடைசி சுத்தை இழுக்காம ஒட்டி, கத்தியால வெட்டுங்க, இழுத்துக் கிழிச்சா அந்த நுனி தான் முதல்ல உரியும்.